பாளையங்கோட்டைப் பதிவேட்டின் முதற்பெயர்

மேலைநாட்டு நூற்கடைகளில் ஒரு வகைப் புதினங்களை அட்டையைக் கண்ட மாத்திரத்திலேயே இனங்காணலாம். பச்சை வயல், தொலைவில் குதிரை பூட்டிய வண்டி, முன்னால் வெள்ளைத் துணித்தொப்பி அணிந்து தலைகவிழ்ந்து நிற்கும் ஓர் இளம்பெண். ஆமிஷ் மக்களின் வாழ்வைக் களமாகக் கொண்ட காதற்கதைகள் இவை. இவற்றில் காதல் உண்டு. காதலினும் பெரிதாக இறைநம்பிக்கை உண்டு. வழி தவறியவர்க்கோ, துணையை இழந்தவர்க்கோ, ஊரால் ஒதுக்கப்பட்டவர்க்கோ வாழ்க்கை மீண்டும் ஒருமுறை கதவு திறப்பதே இக்கதைகளின் பொதுப்பொருள். வரலாற்றுக் காலத்தில் வைத்து எழுதப்பட்டவையும் இவற்றுள் பல.

'இவற்றுக்கும் நமக்கும் என்ன உறவு?' என்று இளையரசனேந்தல் போன்றதொரு கரிசற்காட்டு ஊரிலிருந்து ஒரு வாசகர் வினவக்கூடும். வினவுவது முறையே. ஆனால், நம்பிக்கை, காதல், மறுவாழ்வு ஆகிய மூன்றையும் ஒரே இழையில் கோத்த வரலாற்றுப் புதினம் ஒன்று 1915ஆம் ஆண்டிலேயே நெல்லைச் சீமையைச் சேர்ந்த ஒருவரால் எழுதப்பட்டுவிட்டது. அதன் தலைவி கற்பனைப் பாத்திரமல்லர், பாளையங்கோட்டையில் வாழ்ந்தவர். அப்பெண்ணின் வரலாற்றையும், அவ்வரலாறு புதினமான கதையையும், அவ்விரண்டையும் ஆமிஷ் கதைகளுக்கு அருகில் வைத்துப் பார்த்தால் நமக்குப் புலப்படுவதையும் இக்கட்டுரையில் காண்போம்.

வேலிக்கு உள்ளே, வேலிக்கு வெளியே

முதலில் ஆமிஷ் மக்களைப் பற்றிச் சிறிது அறிந்துகொள்வோம். குழந்தைக்குத் தரும் ஞானஸ்நானம் செல்லாது. அறிவு வந்த பின் தானே விரும்பி ஏற்பதே உண்மையான ஞானஸ்நானம் என்று 16ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் ஒரு பிரிவினர் கூறினர். அதற்காகக் கடுந்துன்பங்களுக்கு உள்ளாயினர். அம்மரபில் வந்த மெனோனைட்டுகளிடையே 1693இல் ஒரு பிளவு நேர்ந்தது. சபையிலிருந்து விலக்கப்பட்டவரோடு உண்ணலும் உறவாடலும் கூடா என்று ஜேக்கப் அம்மான் என்பார் கண்டிப்புக் காட்டினார். அவரைப் பின்பற்றியோரே ஆமிஷ் எனப்பட்டனர். 18ஆம் நூற்றாண்டில் இவர்கள் கடல் கடந்து பென்சில்வேனியாவில் குடியேறினர். இன்றும் பழைய ஒழுங்கைப் பேணும் ஆமிஷ் குடும்பங்கள் குதிரை வண்டியையே தம் வாகனமாக வைத்திருக்கின்றன. வீட்டில் பேசுவது முன்னோர் கொண்டுவந்த ஜெர்மன் கிளைமொழி.

இம்மக்களிடையே ஞானஸ்நானம் என்பது ஒரு வாயிற்படி. அதைத் தாண்டுமுன் சபையை விட்டு வெளியேறும் இளைஞர் விலக்கப்படுவதில்லை. தாண்டியபின் வெளியேறுவோர்க்கு விலக்கு உண்டு. பெற்ற தாயும் அவரோடு ஒரே மேசையில் அமர்ந்து உண்ணத் தயங்குவாள். ஆமிஷ் காதற்கதைகளின் முடிச்சு பெரும்பாலும் இந்த வாயிற்படியில்தான் விழுகிறது. விரும்பியவனோடு வெளியுலகுக்குப் போவதா, ஞானஸ்நானம் பெற்று உள்ளே நிற்பதா? போனவள் திரும்பினால் ஊர் ஏற்குமா?

இங்கு ஒரு செய்தியைக் கருதவேண்டும். இக்கதைகளை எழுதியோரில் மிகப் பெரும்பாலோர் ஆமிஷ் அல்லர். 1904இல் மெனோனைட் பெண்ணொருத்தியைத் தலைவியாக்கி 'டில்லி' என்னும் நாவலை எழுதிய ஹெலன் ரைமன்ஸ்னைடர் மார்ட்டின் வெளியார். 1997இல் 'தி ஷன்னிங்' நாவலால் இவ்வகைக்குப் பெருஞ்சந்தையை உண்டாக்கிய பெவர்லி லூயிசும் வெளியாரே. பழைய ஒழுங்கு மெனோனைட் சபையை விட்டு வெளியேறிய தம் பாட்டியின் வாழ்வே அவருக்கு வித்தாயிற்று. இவற்றுக்கு மாறாக, ஆமிஷ் குடும்பத்தில் பிறந்த ஜோசப் யோடர் தம் தாயின் கதையை 1940இல் 'ரோசன்னா ஆஃப் தி ஆமிஷ்' என்ற நூலாக எழுதினார். அத்தாய் ஐரிஷ் வழிவந்த குழந்தை; ஆமிஷ் பெண்ணொருவரால் வளர்க்கப்பெற்று அவ்வூராரில் ஒருவராகவே ஆனவர். வேலிக்கு வெளியே நின்று எழுதுவோர் மிகுதி, உள்ளிருந்து எழுதுவோர் அரிது என்னும் இந்நிலையை மனத்திற்கொண்டு நம் மண்ணுக்கு வருவோம்.

கரிசலின் குடியேற்றக் கதை

இளையரசனேந்தல் கோவில்பட்டிக்கு மேற்கே, சங்கரன்கோவிலுக்குச் செல்லும் பக்கத்தில் உள்ளது. ஏந்தல் என்றால் ஏரி. மழையை நம்பிய கறுத்த மண்ணில் ஓர் ஏரியின் பெயரையே ஊர்ப்பெயராகத் தாங்கி நிற்பது பொருத்தமே. முற்காலத்தில் இது ஒரு ஜமீனின் தலையூர். இவ்வட்டாரத்தில் வீட்டுக்குள் தெலுங்கும் வெளியே தமிழும் பேசும் குடும்பங்கள் மிகுதி. விஜயநகர, நாயக்கர் காலங்களில் வடக்கிலிருந்து வந்து காட்டைத் திருத்திக் குடியேறியோரின் வழியினர் அவர்கள்.

அக்குடியேற்றத்தை இடைசெவல் தந்த கி. ராஜநாராயணன் 1976இல் 'கோபல்ல கிராமம்' என்னும் நாவலாக்கினார். தம் குலப்பெண்ணின் மானத்தைக் காக்கவேண்டி ஊரையே விட்டுப் புறப்பட்டவர்கள், வழியில் பட்ட இடர், புதுமண்ணில் எழுப்பிய ஊர் ஆகியவை அந்நாவலில் ஒரு முதிய பாட்டியின் நினைவாக விரிகின்றன. தாய்மொழியை மூட்டையோடு மூட்டையாகக் கட்டிக்கொண்டு வந்தவர்களின் கதை என்ற அளவில் பென்சில்வேனியாவும் கரிசற்காடும் ஒன்றையொன்று அறியாத அண்டை வீடுகள். ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. கோபல்ல கிராமத்தில் பெண்ணைக் காக்க ஊரே உடன் நடக்கிறது. நாம் காணப்போகும் பெண்ணுக்கோ உடன் நடக்க ஊர் இல்லை. அவரைத் தீயில் இட முனைந்ததே அவர் ஊர் என்றுதான் வழிவழிச் செய்தி கூறுகிறது.

தஞ்சையிலிருந்து பாளையங்கோட்டைக்கு

தஞ்சை மராட்டிய அரசு தளர்ந்திருந்த காலம் அது. 1773இல் ஆர்க்காட்டு நவாபின் படை கும்பினிப் படையின் துணையோடு தஞ்சையைக் கைப்பற்றியது. 1776இல் துளஜா மன்னர் மீண்டும் அரியணையில் அமர்த்தப்பட்டார். கும்பினிப் படை தஞ்சையில் நிலைகொண்டது. அக்காலத் தஞ்சையில் வாழ்ந்த மராட்டிய பிராமணக் குலத்து இளம்பெண் ஒருவர் கணவரை இழந்தார். கோகிலா என்பது அவர் பெயர் என்பர். கணவரின் சிதையில் உடன்கட்டை ஏற்றப்படவிருந்த அவரை லிட்டில்டன் என்னும் ஆங்கிலப் படை அதிகாரி மீட்டார் என்பது வாய்மொழியாக வந்த செய்தி. உடன்கட்டையைக் குற்றமாக்கிய சட்டம் வங்கத்தில் 1829இலும் சென்னை மாகாணத்தில் 1830இலும்தான் வந்தது. அதற்கு அரை நூற்றாண்டுக்கு முற்பட்ட நிகழ்ச்சி இது.

பின்னர் அவர் லிட்டில்டனுடன் வாழ்ந்தார். ஆங்கிலம் கற்றார். கிறித்தவ நெறியின் முதற்பாடங்களையும் அவரிடமே கற்றார். மணம் செய்துகொள்வதாக லிட்டில்டன் வாக்களித்திருந்தார். மணம் மட்டும் நடக்கவில்லை. அந்நாளில் தஞ்சையிலும் திருச்சியிலும் பணியாற்றிய ஜெர்மானியப் பாதிரியார் சுவார்ட்சிடம் ஞானஸ்நானம் தருமாறு இப்பெண் வேண்டினார். மணமின்றி ஒருவரோடு வாழும் நிலை நீடிக்கும் வரை தர இயலாது என்று சுவார்ட்சு மறுத்துவிட்டார்.

சுவார்ட்சைக் குறைகூற நாம் இதை எழுதவில்லை. 1726இல் பிறந்து 1750இல் தரங்கம்பாடிக்கு வந்து 1798இல் தஞ்சையில் மறைந்த அவர், தமிழகத்தில் தம் நேர்மைக்காக மன்னர்களாலும் மதிக்கப்பெற்றவர். அவரை உருவாக்கிய ஹாலே நகரத்துப் பக்தி இயக்கம் ஒழுக்கத்தில் மிகுந்த கண்டிப்புடையது. அந்த ஹாலேதான் தமிழகத்துக்கு மறைப்பணியாளர்களை ஆயத்தம் செய்து அனுப்பியது; 1742இல் பென்சில்வேனியாவின் ஜெர்மன் குடியேறிகளிடையே பணிபுரிய மூலன்பெர்க் என்பாரையும் அதுவே அனுப்பியது. ஆமிஷ் குடும்பங்கள் உழுதுகொண்டிருந்த அதே பென்சில்வேனியா. ஒரே காலத்தின் ஒரே ஜெர்மன் சமயச் சூழல் இரு கடல்களைக் கடந்து இரு மண்ணில் வேரூன்றியது.

ஆயினும் மறுப்பின் எடை யார் தோளில் விழுந்தது என்பதை வரலாறு எழுதுவோர் கவனிக்க வேண்டும். மணத்தைத் தள்ளிப்போட்டவர் லிட்டில்டன். அவர் பிறப்பால் கிறித்தவர். ஆகவே வாயிற்படியில் நின்று அனுமதி கேட்கவேண்டிய தேவை அவருக்கு இல்லை. தடை அவர் காதலிக்கு மட்டுமே. பழைய வீட்டின் கதவு சிதையோடு அடைபட்டது. புதிய வீட்டின் கதவோ திறக்கவில்லை.

நாற்பது பெயர்கள்

லிட்டில்டன் பாளையங்கோட்டைக்கு மாற்றப்பட்டபோது இப்பெண்ணும் உடன் வந்தார். பாளையங்கோட்டை அப்போது கும்பினியின் தெற்குப் படைத்தளம். சங்கரன்கோவில் வட்டாரத்து நெற்கட்டும்செவலிலிருந்து பூலித்தேவர் எதிர்த்து நின்ற காலம் முதல் பாளையப் போர்களின் சுவடு அக்கோட்டையில் படிந்திருந்தது. அங்கேதான் லிட்டில்டன் இறந்தார். அந்நிய ஊரில் இப்பெண் இரண்டாம் முறையாகத் துணையிழந்து நின்றார்.

1778இல் சுவார்ட்சு பாளையங்கோட்டைக்கு வந்தார். முன்பு மறுக்கப்பட்ட ஞானஸ்நானம் இப்போது வழங்கப்பட்டது. கிளாரிந்தா என்ற பெயர் அதன்பின் நிலைத்தது. குளோரிந்தா என்றும் வழங்குவர். காதலுக்குரியவர் உயிரோடிருந்தவரை கிட்டாத பேறு அவர் மறைவுக்குப் பின் கிட்டியது. மறுவாழ்வு என்ற சொல்லை நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். கிளாரிந்தாவுக்கு அது கிடைத்த விலை இது.

அதற்குப் பின் அவர் செய்ததே அவரை வரலாற்றில் நிறுத்தியது. 1780இல் பாளையங்கோட்டைச் சபையின் பதிவேடு தொடங்கப்பட்டது. அதில் நாற்பது பெயர்கள் உள்ளன. முதற்பெயர் கிளாரிந்தா. பல்வேறு சாதிகளைச் சேர்ந்தோர் அந்நாற்பதின்மர். கிளாரிந்தா தம் பொருளையும், கோட்டையிலிருந்த ஆங்கிலேயர் சிலரின் உதவியையும் கொண்டு ஒரு சிறு கோயிலை எழுப்பினார். 1785இல் சுவார்ட்சே வந்து அதை அர்ப்பணம் செய்தார். அச்சிறு சபையைக் கவனிக்கச் சத்தியநாதன் என்ற தமிழர் அனுப்பப்பட்டார்; அவர் 1790இல் குருப்பட்டம் பெற்றார். நெல்லைக் கிறித்தவர்களின் முதற் தனிக்குடியிருப்பான முதலூர் 1799இல் டேவிட் சுந்தரானந்தம் முயற்சியால் எழுந்தது. பின்னாளில் கால்டுவெல் திருநெல்வேலித் திருச்சபையின் தொடக்க வரலாற்றை 1881இல் நூலாக வெளியிட்டபோது, அத்தொடக்கத்தைத் தேடிச் சென்று இந்த நாற்பது பெயர்களிடமும் இந்த ஒரு பெண்ணிடமும்தான் வந்து சேர்ந்தார்.

மாதவையா நிரப்பிய இடைவெளி

பதிவேடு பெயர்களைச் சொல்லும்; நெஞ்சைச் சொல்லாது. சிதையருகே நின்ற பெண் எதை எண்ணினாள்? மறுக்கப்பட்டபின் வீடு திரும்பிய அன்று லிட்டில்டனிடம் என்ன பேசினாள்? இவ்விடைவெளியை நிரப்ப முன்வந்தவர் அ. மாதவையா.

1872இல் நெல்லைச் சீமைப் பெருங்குளத்தில் பிறந்தவர் மாதவையா. சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் வில்லியம் மில்லரின் மாணவர். உப்பு, ஆயத்துறை அதிகாரியாகப் பணிபுரிந்தவர். 'பத்மாவதி சரித்திரம்' எழுதித் தமிழ் நாவலின் தொடக்க ஆசிரியர் மூவருள் ஒருவராக எண்ணப்படுபவர். 'முத்துமீனாட்சி'யில் இளம் விதவையின் மறுமணத்தைப் பேசியவர். 1856லேயே விதவை மறுமணத்துக்குச் சட்டம் இடங்கொடுத்தும் வீடுகள் இடங்கொடாத காலம் அது. 1925இல் சென்னைப் பல்கலைக்கழக ஆட்சிப் பேரவையில் தமிழுக்காகப் பேசி முடித்த சிறிது நேரத்தில் உயிர் நீத்தவர் என்பதும் பலர் அறிந்ததே.

அவர் 1915இல் 'கிளாரிந்தா'வை ஆங்கிலத்தில் எழுதினார். வரலாற்றுப் புதினம் என்றே அதற்குப் பெயரிட்டார். கிடைத்த செய்திகள் சிலவே, எஞ்சியவை கற்பனை. தஞ்சையில் கல்வியோடு வளரும் சிறுமி, பொருந்தா மணம், மயக்கமருந்து தரப்பட்டுச் சிதைக்குக் கொண்டுசெல்லப்படும் கொடுமை, மீட்பு, லிட்டில்டனுடன் வாழ்ந்த வாழ்வு, இறுதியில் ஞானஸ்நானம் என்று கதை செல்கிறது. பிற்காலத்தில் சரோஜினி பாக்கியமுத்து அதைத் தமிழாக்கினார்.

இந்நாவலில் நம்மை ஈர்ப்பது ஆசிரியர் நின்ற இடம். மாதவையா கிறித்தவராக மாறியவரல்லர். தாம் பிறந்த சமயத்திலிருந்தபடியே, வேறொரு சமயத்தைத் தழுவிய பெண்ணை மதிப்போடு எழுதினார். ஆமிஷ் கதையாசிரியர்களைப் போல அவரும் சபையின் வேலிக்கு வெளியே நின்றவரே. ஆனால் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. ஆமிஷ் கதைகளை எழுதும் வெளியார் தம் பரபரப்பான உலகில் இழந்துபோன அமைதியை அவ்வயல்களில் தேடுகின்றனர். ஆகவே வேலிக்குள்ளிருக்கும் ஊர் பெரும்பாலும் அழகாகவே தெரிகிறது. மாதவையாவோ வேலி தாண்டிப் போன பெண்ணைக் கண்டு, 'இவள் ஏன் போகவேண்டியிருந்தது?' என்று தம் வீட்டை நோக்கித் திரும்பிக் கேட்டார். அயல்வீட்டின் அழகைப் பாடுவதினும் தன் வீட்டின் குறையைக் கேட்பது கடினம். கிளாரிந்தாவின் கதை வழியே அவர் உரையாடியது தம் சுற்றத்தாரோடுதான். அதை ஆங்கிலத்தில் எழுதியமையால் அச்சுற்றத்துப் பெண்களில் எத்தனை பேரை அது எட்டியிருக்கும் என்பது நம்மை உறுத்தும் கேள்வி.

மணமின்றி வாழ்ந்த அவ்வாழ்வையும் மாதவையா இழிவாகக் காட்டவில்லை. மறைப்பணிக் குறிப்புகளில் அது ஒரு தடை. புதினத்தில் அது இருவர் ஒருவரையொருவர் மதித்து வாழ்ந்த வாழ்க்கை. இவ்விரண்டில் எது உண்மை என்று தீர்ப்பளிக்க நமக்குச் சான்றுகள் இல்லை. ஆனால் ஒரு பெண்ணின் வாழ்நாளில் சில ஆண்டுகளைத் 'தவறு' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடாமல் காத்தது வரலாறன்று, புதினமே என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

கதவு யாருடையது?

ஆமிஷ் கதையின் தலைவி திரும்பிச் செல்ல ஓர் ஊர் இருக்கிறது. அவள் வாயிற்படியில் நின்று, போவதா இருப்பதா என்று தயங்குகிறாள். ஊர் மன்னித்தால் அது இரண்டாம் வாய்ப்பு. கிளாரிந்தாவுக்குத் தயக்கமில்லை; அவர் தட்டினார், கதவுதான் திறக்கவில்லை. திரும்பிச் செல்லவும் இடமில்லை. ஆகவே அவர் மூன்றாவதொன்றைச் செய்தார். தாமே ஒரு வீட்டைக் கட்டி, அதன் கதவைப் பிறருக்குத் திறந்துவைத்தார். பல சாதியார் அடங்கிய அந்த நாற்பது பெயர்ப் பட்டியல்தான் அவருடைய இரண்டாம் வாய்ப்பு. அது யாரும் அவருக்கு ஈந்ததன்று.

இதில் ஒரு முரண் எஞ்சியிருக்கிறது. அவர் எழுப்பிய கோயில் பாளையங்கோட்டையில் இருக்கிறது. ஊரார் நெடுங்காலமாக அதற்கு இட்டு வழங்கும் பெயர் 'பாப்பாத்தியம்மாள் கோயில்'. சிதையோடு எந்தச் சாதி அவரை முடித்துவிட எண்ணியதோ, எந்தச் சாதியை அவர் நீரில் கரைத்து வந்தாரோ, அதன் பெயராலேயே அவர் நினைக்கப்படுகிறார். அன்பினால்தான் அப்படி அழைத்தனர் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆயினும் மனிதர் ஒருவருக்கு இரண்டாம் வாழ்வைத் தந்த பிறகும் முதல் வாழ்வின் பெயரை எடுக்க நம் நாவுக்கு எவ்வளவு அருமையாயிருக்கிறது என்பதற்கு அப்பெயரும் ஒரு கல்வெட்டே.

கரிசலில் குடியேறியவர்களுக்கு ஒரு கி.ரா. கிடைத்தார். நெல்லைக் கிறித்தவத்தின் இம்முதற்பெண்ணுக்கு ஒரு மாதவையா கிடைத்தார். பதிவேட்டில் கிளாரிந்தாவின் பெயருக்குக் கீழே இன்னும் முப்பத்தொன்பது பெயர்கள் உள்ளன. அவர்கள் எந்த ஊரை விட்டு வந்தார்கள், எந்தக் கதவு அடைபட்டு எந்தக் கதவைத் தட்டினார்கள் என்பதை எழுத இன்னும் எவரும் வேண்டும். அவர்களின் வழித்தோன்றல்களே அதை எழுதினால், வேலிக்கு உள்ளிருந்து ஒலிக்கும் குரலாகவும் அது அமையும்.